ரமாபாய் கட்டிய மஞ்சள் துணி

ரமாபாய்க்கு அருவருப்பு மூக்கு நுனியில் இருந்தது. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் பிறந்தவளுக்கு ஆகாத குணம் அது. குழாயடியில் எச்சில் துப்பினவனையும், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக வாந்திப் பையை வீசினவளையும் நிறுத்திவைத்துச் சண்டை போட்டுவிட்டுத்தான் நகர்வாள். "உனக்கு இன்னாத்துக்குடி ஊர் வம்பு?" என்று அம்மா மலர்க்கொடி தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்குப் போய், எண்ணூர் கழிமுகத்தில் ஜனங்களுக்குக் காடு சுற்றிக் காட்டும் வேலை வாய்த்தது.

காடு என்றதும் புலியையும் யானையையும் நினைக்க வேண்டாம். இது அலையாத்திக் காடு. அங்கே உள்ளவர்கள் கண்டல் என்பார்கள். உப்புத் தண்ணீரில், முழங்கால் சேற்றில் நிற்கிற மரங்கள். ஒரு அறக்கட்டளைக்காரர்கள் பல வருஷத்துக்கு முன்னால் சில வரிசை நட்டார்கள். பாதி செத்தது. பிழைத்தது விதை உதிர்த்து, அலை கொண்டுபோய்ப் போட்ட இடத்திலெல்லாம் முளைத்து, யார் தயவும் இல்லாமல் தானாகப் பரவிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டத்தைக் கரைமேல் நடத்திக் கூட்டிப்போய் அதைக் காட்ட வேண்டும். மற்ற நாளில் அதைக் காவல் காக்க வேண்டும். இதுதான் ரமாபாயின் உத்தியோகம்.

"சேத்துக்கு வெளிய ஆணி மாதிரி நீட்டிக்கினு கீதே, அதான் மூச்சுவேர். மரம் அது வழியாத்தான் மூச்சு விடுது. தயவு செஞ்சு மிதிக்காதீங்க," என்பாள். வந்தவர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் படம் எடுப்பார்கள். போகும்போது சிப்ஸ் பாக்கெட்டை வேருக்கு நடுவே செருகிவிட்டுப் போகிற புண்ணியவான்களும் உண்டு. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது ரமாபாயின் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது.

அதுகூடப் பரவாயில்லை. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில், சாலை ஓரமாகவே இளங்கன்றுகள் முளைத்த ஒரு திட்டு இருந்தது. காட்டிலேயே அதுதான் புதுசு, அதுதான் அவளுடைய செல்லம். லாரிக்காரர்களுக்கு அதுதான் கக்கூஸ். கோழிக்கடைக்காரர்களுக்கு அதுதான் குப்பைத்தொட்டி. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், போர்டு வைத்துப் பார்த்தாள். போர்டின் மேலேயே பெய்துவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிறு, பள்ளிக்கூட ஆசிரியைகள் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாலை மேலிருந்து ஒரு மூட்டை வந்து விழுந்து பிளந்தது. கோழிக்குடலும் இறகும் கன்றுகளின் கழுத்தில் மாலை மாதிரி தொங்கின. வீசினவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

அன்று ராயபுரம் வழியாக வீடு திரும்பும்போது அவள் கண்ணில் ஒரு மதில் பட்டது. பிள்ளையார், இயேசு, மக்கா என்று வரிசையாக டைல்ஸ் பதித்த மதில். நம் ஊரில் சுவரைக் காப்பாற்ற வேறு வழி ஏது? மனுஷனுக்குக் கூச்சப்படாதவன் சாமி டைல்ஸுக்குக் கூச்சப்படுகிறான். ரமாபாய்க்கு யோசனை உதித்தது. உதித்ததும் வெட்கமும் வந்தது. அவளுடையது பௌத்தக் குடும்பம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா லோகநாதன், பௌர்ணமிதோறும் பிள்ளைகளை உட்காரவைத்து, எந்தச் சாமியையும் கும்பிடமாட்டேன் என்று உறுதிமொழி சொல்லவைத்தவர். அவர் மகள் திருவொற்றியூர் தேரடியில் மஞ்சள் துணியும் குங்குமமும் வாங்கும்போது, திருடப்போகிறவள் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டாள். திட்டின் ஓரத்தில் நின்ற கண்டல் மரம் ஒன்றில் துணியைக் கட்டி, குங்குமத்தை அப்பி, வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு வந்தாள்.

வேலை செய்தது. லாரிக்காரர்கள் தள்ளிப் போனார்கள். கோழி மூட்டை நின்றது. கன்றுகள் புது இலை விட்டன. ரமாபாய் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிற தேசம்மா முதலில் கற்பூரம் ஏற்றினாள். அன்று அவள் கூடை நிறைந்தது. அடுத்த நாள் பத்துப் பேர் வந்தார்கள். விளக்கு வந்தது, எண்ணெய் சேற்றில் வழிந்தது, எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் மாலையும் பால் பாக்கெட்டும் மூச்சுவேர்களுக்கு நடுவே அழுகின. மரத்துக்குப் புடவை கட்டினார்கள். கண்டலம்மா என்று பேர் வைத்தார்கள். லாரிக்காரன் மூத்திரத்துக்கும் இந்தப் பக்திக்கும் நாற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசியில் தங்கப்பாண்டி வந்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து திருவொற்றியூரில் சிமெண்ட் கடை வைத்துப் பெரிய ஆளானவர். தள்ளிப்போன மகள் கல்யாணம் கண்டலம்மாவிடம் வேண்டிக்கொண்டதும் கூடிவந்ததாம். நன்றிக்குத் திட்டு முழுக்க மேடை போட்டு டைல்ஸ் பதிப்பதாக நேர்ந்துகொண்டார். ஆட்கள் வந்து மேடைக்குப் பள்ளம் வெட்டி, மண்வெட்டியால் மூச்சுவேர்களைச் சீவினார்கள். மேலே சிமெண்ட் விழுந்தால் திட்டில் ஒரு மரமும் மிஞ்சாது, மூச்சடைத்துச் சாகும். ரமாபாய் அறக்கட்டளை ஆபீசுக்கு ஓடினாள். "சாமி விஷயம்மா, நாம வாய வெக்கக் கூடாது," என்றார் மேலாளர். கொஞ்சம் யோசித்து, "பேசாம நம்ம ஞாயித்துக்கெழம நடையில அந்தக் கோயிலையும் சேத்துக்கலாமே, கூட்டம் வரும்," என்றார். ரமாபாய்க்கு அவர் மேஜைமேலேயே வாந்தி எடுக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலை கலவை இயந்திரம் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். ரமாபாய் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இந்தத் துணிய நான்தான் கட்னேன். தேரடில வாங்கினு வந்து கட்னேன். இங்க சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்க மூத்திரம் போவக் கூடாதுன்னு கட்னது. வுட்டுட்டுப் போங்க, மரம் செத்துடும்."

தேசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எம்மாம் பேரு இந்த வழியா போய்க்கினு கீறாங்க! ஆத்தா உன் கையத்தானே புட்சிருக்கா!"

"ஏ தாயி, ஆத்தா ஒம்மேல எறங்கியில்லா கட்டியிருக்கா," என்று தங்கப்பாண்டி காலில் விழப்போனார். "மொதச் சட்டிக் கலவைய நீயே போடும்மா."

சொன்ன உண்மையை அவர்கள் பிரசாதம் மாதிரி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். சட்டி அவள் கையை நோக்கி நீண்டது. பின்னால் இரண்டு ஆட்கள் தள்ளுவண்டி நிறையக் கலவையைத் திட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

ஆடி மாசத்தில் புளியந்தோப்புப் பெண்கள் சாமியாடுவதை ரமாபாய் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவார். இப்போது இழுக்க அவர் இல்லை. அவள் கொண்டையை அவிழ்த்தாள். தலையை ஒரு சுழற்று சுழற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அலறினாள்.

"மூச்சு முட்டுதுடா! என் மூச்ச அடைக்க வந்தியாடா பாவி! எனக்கு மேடை வேணாம், எண்ண வேணாம், புடவ வேணாம்! ஒரு காலு உள்ள பட்டாலும் குடும்பத்தக் கருக்கிடுவேன்! ரோட்டுல நின்னு கும்புட்டுப் போ!"

தங்கப்பாண்டி சேற்றில் குப்புற விழுந்தார். பெண்கள் வேப்பிலையால் அவளுக்கு வீசினார்கள். தள்ளுவண்டி வந்த வழியே திரும்பியது. அன்றே பள்ளத்தை மூடிவிட்டார்கள், புடவையையும் விளக்கையும் பொறுக்கி எடுத்தார்கள். இத்தனை நாள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் நடக்காதது ஒரு கூச்சலில் நடந்தது. ரமாபாய் கரைக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். அவர்கள்மேல் இருந்த அருவருப்பைவிட, அது இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளுக்குக் குமட்டியது.

அடுத்த ஞாயிறு ஒரு கம்பெனிக்காரர்கள் கூட்டம். அவர்களுக்கு நண்டு வளையைக் காட்டிக்கொண்டு வந்தவள் சாலையோரத்தில் நின்றாள். கைகூப்பிக்கொண்டு ஒரு கூட்டம் காத்திருந்தது. முன்னால் ஒரு சின்ன வயசுத் தாய், தோளில் துவண்ட குழந்தை, கையில் விபூதித் தட்டு.

"பால் குடிக்க மாட்டேங்குதும்மா. வெச்சு வுடு."

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா. நான் சாமி இல்ல."

"நீ வெச்சு வுடு, போறேன்."

கூட்டத்தில் தங்கப்பாண்டியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டேன் என்றால் ஆத்தா போய்விட்டாள் என்று அர்த்தம். ஆத்தா போனால் சிமெண்ட் வரும். ரமாபாய் விபூதியைத் தொட்டு வைத்தாள். குழந்தையின் நெற்றி தோசைக்கல்லாகச் சுட்டது. தாய் நிறைந்த முகத்தோடு கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"ஏ பொண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போடி!" என்று ரமாபாய் கத்தினாள்.

"அதான் நீயே வெச்சுட்டியேம்மா, இனிமே இன்னா," என்று அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

கம்பெனிக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ரமாபாய் அவர்களை ஒரு தரம் பார்த்தாள், வீட்டுப் பக்கம் போகிற அந்தத் தாயின் முதுகை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எல்லார் முன்னிலும் கொண்டையை அவிழ்த்தாள்.