கான்கிரீட் மூடிய வளைவு

அவருக்கு ‘இன்னொருதடவை’ என்று பெயர் வைத்தது கூட வேலை செய்கிறவர்கள். டிராம் தண்டவாளத்துக்கு நட்டு முடுக்குகிற வேலை. முடுக்கிய நட்டை மறுபடி போய்த் தொட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் இதே கூத்துதான். கதவைப் பூட்டித் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். “ஒருநாள் பூட்டு கையோட வந்துடப் போகுது” என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்ட மனுஷனைக் கொண்டுபோய்க் கடைவீதி வளைவில் போட்டார்கள். அங்கே பழைய தண்டவாளம் தேய்ந்துபோய், டிராம் திரும்பும்போதெல்லாம் காது கிழியும். அதைப் பெயர்த்துப் புதிது போடும்வரை தெரு முழுக்கப் பள்ளம், தூசி, ஹாரன். செருப்புக்கடைக்காரர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவார். நம்மாள் காதில் எதுவும் ஏறவில்லை. வளைவு திறந்ததும் முதல் டிராமை ஓட்டப்போவது அவருடைய மகள்.

அப்பா டிராம் பக்கம் வந்தாலே அவளுக்கு ஆகாது. ஓட்டத் தொடங்கிய புதிதில் ஒருநாள் அவளுடைய டிராமிலேயே ஏறி, முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “பிரேக்கப் பிடிம்மா, பிரேக்கப் பிடி” என்று பயணிகள் முன்னால் மானத்தை வாங்கியவர் ஆயிற்றே! இந்தத் தடவை கறாராகச் சொல்லிவிட்டாள்.

“முதல் நாள் அந்தப் பக்கம் தலை காட்டுனீங்கன்னா, இந்த லைனே வேணாம்னு மாத்திக்கிட்டுப் போயிடுவேன்.”

அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய லைன் அது. “வரல தாயி” என்று வாக்குக் கொடுத்தார்.

காப்பாற்றியும் இருப்பார். கெடுத்தது கான்கிரீட். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் அதை ஊற்றி மூடினால்தான் பஸ்ஸும் காரும் மேலே போக முடியும். மூடிவிட்டால் எந்த நட்டையும் தொட முடியாது. லாரி வந்து நின்ற பிறகும் அவர் பள்ளத்தை விட்டு ஏறவில்லை. “அண்ணே, உங்களையும் சேத்து மூடிடுவோம்” என்று கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளைவின் நடுவில் ஒரு நட்டு. அதை மட்டும் திரும்பத் தொட்டோமா, இல்லையா? சாப்பிடும்போது பாதியில் எழுந்து நடந்தார்.

முதல் நாள் காலை தபால்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். டிராம் வந்தது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவருக்கு உயிரே போய்விட்டது.

மகள் கையில் கம்பியோடு இறங்கினாள். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தைக் குத்தி, தன் பக்கம் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாள். ஏறப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை குத்தினாள். பின்னால் பஸ்கள் அலறின. நிமிர்ந்தபோது தபால்பெட்டிக்கு மேலே அப்பாவின் வழுக்கை தெரிந்தது.

முறைத்தாள். அப்புறம், “எல்லாம் முடுக்கியாச்சாப்பா?” என்றாள்.

“முடுக்கியாச்சும்மா.”

“நிச்சயமா?”

அந்த ஒரு நட்டு இருந்த இடத்துக்கு அவர் கண் போய்த் திரும்பியது. “நிச்சயமா” என்றார்.

“அப்ப ஏறுங்க. வாயத் தொறக்கக் கூடாது.”

ஏறினார். டிராம் வளைவில் திரும்பியது. ஒரு சத்தம் இல்லை. மகளின் முதுகுக்குப் பின்னால், வாயைக் கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு அழுதார்.