நான் மேசையைத் தட்டிப் பாராட்டிய பாட்டு வரிசை

இன்று சாயங்காலம் கே.கே. நகர் ஜூஸ் கடையில் அசிங்கப்பட்டேன்.

பழைய பிரிட்டிஷ் ஆல்டர்நேட்டிவ் ராக் இசை என்றால் உயிரை விடுகிற மூன்று பேர் நாங்கள். இன்றைக்கும் பழசாகாத ஆல்பம் எது என்று சண்டை.

நான் எனக்குப் பிடித்த ஆல்பத்துக்காக மேசையைத் தட்டினேன். "பாட்டு வரிசையைப் பாருங்கப்பா! மெதுவா ஆரம்பிச்சு, கடைசிப் பாட்டுல வெடிக்கும். அம்புட்டும் திட்டம் போட்டுச் செஞ்சது. ஜெரால்டு, உனக்கு ஆல்பம் கேக்கவே தெரியாது."

ஜெரால்டு போனில் அந்த ஆல்பத்தைத் திறந்தான். "மாப்ள, நீ சொல்ற கடைசிப் பாட்டுதான் இதுல மொதப் பாட்டு."

"உன் ஆப் தப்பு" என்றேன்.

"சரி, உன் வரிசையச் சொல்லு."

சொன்னேன். மூன்றாவது பாட்டிலேயே என் குரல் இறங்கிவிட்டது. பாட்டுப் பெயர்கள் ஏ, பி, சி என்று போய்க்கொண்டிருந்தன. காலேஜில் பென்டிரைவில் வாங்கிய பாட்டுகள். அகரவரிசையில் அடுக்கியது என் கம்ப்யூட்டர்.

ஜெரால்டு சிரிக்கக்கூட இல்லை. "இன்னொரு ஜூஸ் சொல்லவா மாப்ள?" என்றான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சரியான வரிசையில் கேட்டேன். ரொம்பப் பழசாக இருக்கிறது.

ஜெரால்டு, தயவுசெய்து கமெண்டுக்கு வந்துவிடாதே.