அத்தையின் கீழ் மூன்று கடைகள்

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் நூக்குஅலோஃபாவில் எந்தக் குடும்பத்தின் வம்சாவளியையும் எட்டுத் தலைமுறைக்கு என்னால் சொல்ல முடியும். சரி, நான்கு. மீதியை இட்டுக்கட்டுவேன். லோசலினி இட்டுக்கட்டுவதில்லை, அதனால்தான் துறைமுகத்து மொத்த மளிகை நிறுவனம் புதிய மென்பொருளை அவளிடம் ஒப்படைத்தது.

அந்த மென்பொருளில் தலைமைக் கடை பெற்றோர். கிளைக் கடைகள் அதன் பிள்ளைகள். பெற்றோர் இல்லாத பிள்ளையை ‘அனாதை’ என்று சிவப்பில் காட்டும். அனாதைக்குச் சரக்கு ஏறாது. லோசலினிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வழக்கப்படி உடைமேல் இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், எந்தத் தீவுக் கடை எந்த வீட்டின் கிளை என்று தேநீர் ஆறுவதற்குள் கோத்துவிடுவாள்.

ஹாஅபாய்த் தீவுக் கடைக்காரர் ஃபெட்டுஊ இறந்த வாரம் சிக்கல் வந்தது. அவர் கடைக்குக் கீழே மூன்று மகள்களின் சிறு கடைகள், ஆளுக்கொரு தீவில். தகப்பன் பதிவை மூடச் சொன்னார் மேலாளர் சாமியு. லோசலினி விசையைத் தட்டியதும் திரை கேட்டது: பெற்றோரை நீக்கினால் பிள்ளைகள் அனைவரும் நீக்கப்படுவர். சம்மதமா?

கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு நின்றவள் அவள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கணக்குதாம்மா சாகுது, பிள்ளைங்க இல்ல” என்றார் சாமியு.

அவளால் முடியவில்லை. ஆனால் மறுநாள் கப்பல். அதை விட்டால் அந்தத் தீவுகளுக்கு மாதம் முழுக்க மாவு கிடையாது, தகப்பனின் துக்க விருந்துக்குக்கூட. ஆகவே முதலில் மூன்று பிள்ளைகளையும் ஃபெட்டுஊவின் அக்காள் ஹெய்லலாவின் கணக்குக்குக் கீழே மாற்றினாள். எங்களுக்குத் தகப்பனுக்கும் மேலே அவன் அக்காள்தான்.

“ஹெய்லலா செத்து எத்தனை வருஷமாச்சு, லோசா.”

“செத்துட்டா அத்தை இல்லைன்னு ஆயிடுமா?”

மென்பொருளும் ஆட்சேபிக்கவில்லை, ஹெய்லலாவின் கணக்கை மூட அதுவரை யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் லோசலினி தகப்பனை நீக்கினாள்.

பெற்றோரை மாற்றினால் சரக்கு இறங்கும் இடமும் மாறிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. ஹெய்லலாவின் தீவில், ஊரை அடித்துப்போன பெரிய அலைக்குப் பிறகு, மனித வாடையே கிடையாது.

தெரிந்தபோது கப்பல் திரும்பி வந்துகொண்டிருந்தது. துறைக்கு ஓடினாள். கப்பல்காரன் கலாஃபி வேற்றுத் தீவுக்காரன், ஒன்றும் அறியாதவன். மாவை அங்கேதான் இறக்கினானாம். கறுப்பு உடுத்திய ஒரு கிழவி எண்ணி வாங்கிக்கொண்டாளாம்.

“அலைக்குள்ளதான் நின்னுட்டிருந்தா. ஆனா பாவாடை நனையவே இல்ல.”

“என்ன சொன்னா?”

“‘என் தம்பி பிள்ளைங்களோடது, வச்சிட்டுப் போ’ன்னா.”

மறுநாள் மன்னிப்புக் கேட்க லோசலினி ஃபெட்டுஊவின் மூத்த மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். எதற்கு மன்னிப்பு என்றாளாம் அவள். விடிந்தபோது மாவு மூன்று கடை வாசலிலும் இருந்ததாம். விருந்துக்கு ரொட்டி வெந்துகொண்டிருந்ததாம். ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.

நான் இதை எழுதி வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த லோசலினி நிமிர்ந்து பார்த்தாள்.

“குறைஞ்சுதான் வந்துச்சு. கடைக்கு ஒரு மூட்டை ஹெய்லலா எடுத்துக்கிட்டா. அத்தை எடுத்தா யாரு கேக்கறது?”