அப்பா பெரிதாக்கிய இன்ஜினும் சித்தியின் தலைசுற்றலும்

தொண்ணூறுகளில் ஆரணியில் எங்கள் வீட்டில் பட்டுத்தறி மூன்று, படுக்க இடம் ஒன்று. அந்த ஒரு கூடத்தில்தான் அப்பா, அம்மா, நான், அப்போதுதான் கல்யாணமாகியிருந்த சித்தப்பா, சித்தி எல்லோரும் வரிசையாகப் படுப்போம். புதுமணத் தம்பதிக்கு நடுவில் நான். சித்தியிடம் கதை கேட்க அதுதான் வசதி.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று அப்பா தன் பழைய காரில் எங்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போவார். அடிவாரம் வரை ராஜநடை. முதல் வளைவிலேயே வண்டிக்கு மூச்சு முட்டும். முட்டிவலிக்கார அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டு அப்பா ஓட்ட, மற்ற மூவரும் இறங்கிவிடுவோம். காரைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு நான் அதன் பின்னால் ஓடுவேன். உண்மையில் கார்தான் என்னை இழுத்துப் போயிருக்க வேண்டும். சித்தப்பாவும் சித்தியும் எங்கோ பின்னால் பேசிக்கொண்டே வருவார்கள். ஏற்றம் முடிந்து நாங்கள் காத்திருக்கும் இடத்துக்கு அவர்கள் வந்து சேர அரைமணி ஆகும். இவ்வளவு மெதுவாக நடக்கிறவர்களுக்கு எதற்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை எங்களைத் தாண்டிய பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "இன்னா மொதலாளி, காரை வாக்கிங் இட்டுகினு போறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த தடவை ஒருத்தரையும் இறக்காமல் மலையேறிக் காட்டுவதாகச் சபதம் போட்டார். நான் அதை வகுப்பு முழுக்கப் பரப்பி, பஸ்ஸையே முந்துவோம் என்று என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துவிட்டேன்.

"வேற இன்ஜின் வாங்கிடலாமே," என்றாள் அம்மா.

"எதுக்கு? தறியில மிதியை ஆழமா அழுத்துனா இழை அகலமாத் தொறக்குதில்ல? அதே கணக்குதான். கிராங்கோட கையைக் கொஞ்சம் நீட்டிட்டா பிஸ்டன் அதிகமா ஏறி எறங்கும். உள்ள எடம் பெருசாவும். இழுவை தானா வரும்."

சித்தப்பா மட்டும், "இருக்கறதே நல்லாத்தானே கீது, அண்ணே. நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே," என்றார். தெருக்கோடி கடைக்கே சைக்கிளில் போகிற மனிதர். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

லேத்துப் பட்டறை பாய் கிராங்கை மையம் தள்ளிக் கடைந்து கொடுத்தார். பூட்டும்போதுதான், இன்னும் மேலே ஏறப்போகும் பிஸ்டன் வால்வில் போய் இடிக்குமோ என்ற பயம் வந்தது. "மெத்துனு ஏதாச்சும் வெச்சு, சுத்திப் பாக்கணும். ஜல்தி எடுத்தாங்க," என்றார் பாய். நான் ஓடிப்போய் அம்மா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவைக் கொண்டுவந்தேன். பிஸ்டன் தலையில் அதை அப்பி, மூடி, கையால் சுற்றித் திறந்தால், மாவு அப்பளமாகியிருந்தது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே அவ்வளவுதான் இடம்.

"இதுக்கு இன்னும் கல்லு ஒண்ணுதான் பாக்கி, சுட்டே குடுத்துடும்," என்றாள் அம்மா.

பிஸ்டன் தலையைச் சீவினார்கள். மறுபடியும் மாவு வைத்தார்கள். இந்தமுறை அடை தடிமனுக்கு நின்றது. பாய் தலையாட்டினார். அன்றைக்கு எங்களுக்குச் சோறுதான்.

அமாவாசை வந்தது. முதல் வளைவில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். கார் உறுமியது, ஏறியேவிட்டது! அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, முந்துவதற்கு ஏதாவது பஸ் அகப்படுமா என்று தேடினேன்.

இரண்டாவது வளைவில் சித்தி மெல்ல, "அக்கா, தலை சுத்துது. எறங்கி நடந்து வரட்டா?" என்றாள். அப்பா வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

"தனியா எப்பிடி வுடறது," என்று சித்தப்பாவும் இறங்கினார். நானும் காலை வெளியே வைத்தேன். "நீ குந்துடா!" என்று கதவைச் சாத்தினார்.

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "இவ்ளோ பெரிய இன்ஜின் போட்டும் எறங்கறாங்களே!"

"வண்டி ஏறுச்சா இல்லியா? நீங்க ஓட்டுங்க," என்ற அம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் குமட்டுகிறது என்று நினைத்தேன்.

எங்கள் இன்ஜினின் வேகத்தை மனிதர்களால் தாங்க முடியவில்லை என்று பள்ளியில் சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் அப்பாவின் சபதம் அரைகுறையாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு டவுசர் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு கிளம்பினேன். அதே வளைவு வந்தது. சித்தி, "அக்கா, தலை..." என்று ஆரம்பித்ததும் பழத்தை அவள் மூக்கில் வைத்து அழுத்தினேன்.

"மோந்துகினே வாங்க சித்தி, எறங்கவே வேணாம்!"

"சபாஷ்டா!" என்று அப்பா கியரை மாற்றினார். ஐந்து பேரோடும் கார் எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிய நிறைவோடு சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். இறங்கியதும் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தருகிறவர், அன்று என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாவம், அவருக்கும் தலைசுற்றல் போலிருக்கிறது என்று, கசங்கிப்போன அந்தப் பழத்தை அவர் கையில் கொடுத்தேன்.