மூன்று மூடைப் பூ

என் தோள்பையில் எப்போதும் ஒரு ஜோடி ஷூ கிடக்கும். மழைக்காக இல்லை, ஓடுவதற்காகவும் இல்லை. நிலவியல் லேபுக்குள் செருப்போடு நுழைய முடியாது. கல் காலில் விழும், அமிலம் சிந்தும், ஷூ கட்டாயம். அங்கிருந்து இறங்கி எதிர்க் கட்டடத்துக் கணினி லேபுக்குப் போனால் ஷூவும் ஆகாது, செருப்பும் ஆகாது. தூசி வந்துவிடும் என்று எல்லாவற்றையும் வாசலில் கழற்றிப்போட்டு வெறுங்காலோடு போக வேண்டும். மாடியில் சமூகவியல் வகுப்புக்கு எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் கல் லேபிலிருந்து நேராக ஷூ சத்தத்தோடு ஏறிப்போனால் அத்தனை தலையும் திரும்பும். ஆக, மாட்டுவதும் கழற்றுவதுமாகவே என் முதுகலைப் படிப்பு நடந்துகொண்டிருக்கிறது. படிக்க வந்தவளா, செருப்புக்கடையில் வேலைக்கு வந்தவளா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

திருவனந்தபுரம் என்ன சீமையா, தென்காசியில் பஸ் ஏறினால் பாதிநாளில் போய்விடலாமே என்று ஊரிலிருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே வந்தேன். செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்கினால் சோற்று அரிசி தடிக்கிறது, தேங்காய் எண்ணெய் மணக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, சோறு பழகிவிடும், பாஷையும் பழகிவிடும். பழகாதது ஒரே ஒரு கேள்விதான். "ஏதா டிப்பார்ட்மென்ட்?" எந்தத் துறை என்று நூலகத்தில் கேட்பார்கள், கேண்டீனில் கேட்பார்கள், ஹாஸ்டல் வார்டன் தினமும் கேட்பார். பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் படிப்பு என்று நான் மூச்சு வாங்க விளக்கி முடிப்பேன். "அது சரி, பக்ஷே ஏதா டிப்பார்ட்மென்ட்?" என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இந்தப் படிப்புக்கு நான் வந்ததற்குக் காரணம் கல்லாறு. ஒரு விடுமுறையில் பொன்முடி பார்க்கப் போனபோது, கல்லாற்றங்கரையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் டீ குடித்தேன். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கீழே வெயிலடிக்கும், ஜனங்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். மலைக்கு மேலே மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் இறங்கிவிடும். "மேல கறுத்தா நான் இங்ஙன நிண்ணு கத்துவேன், கேறி வாங்க, கேறி வாங்கண்ணு. பாண்டிக்காரி கூவுதாண்ணு சிரிச்சிட்டு அங்ஙனயே நிப்பாங்க. அதையே ஒரு ஃபாரஸ்ட் கார்டு மலையாளத்துல சொன்னா உடனே கேறும்" என்றார் அக்கா. பாண்டி என்பது இங்கே நம் தமிழாட்களுக்கு வைத்திருக்கும் கேலிப்பேர். சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அது நெஞ்சில் நின்றுவிட்டது. மலையில் எவ்வளவு மழை என்பது ஒரு படிப்பு, வெள்ளம் எப்போது இறங்கும் என்று கணக்குப் போடுவது ஒரு படிப்பு. அக்கா கத்தினால் ஏன் ஒருவரும் கரையேறுவதில்லை என்பது இன்னொரு படிப்பு. மூன்றையும் ஒரே இடத்தில் படிக்கலாம் என்று இந்தப் பல்கலைக்கழகத்தின் விளம்பரம் சொன்னது. விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வந்த பின்புதான் சிக்கல். ஆய்வேடு எழுத ஒரு வழிகாட்டி வேண்டும். இங்கே கைடு என்பார்கள். அந்தக் கைடு ஏதாவது ஒரு துறையின் ஆளாக இருக்க வேண்டும். என்னோடு சேர்ந்த நால்வரும் கெட்டிக்காரர்கள், வந்த வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் மட்டும் மூன்று வாசலிலும் நின்றேன். நிலவியல் ஜோசப் சார், இதில் ஜனங்கள் அதிகம், சமூகவியலுக்குப் போ என்றார். சமூகவியல் லதா டீச்சர், இதில் மழை அதிகம், நிலவியலுக்குப் போ என்றார். கணினி ஹரி சார், இரண்டு பேரும் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார். ஓண விடுமுறைக்குப் பல்கலைக்கழகம் மூடுவதற்குள் கைடு பெயரைச் சொல்லாவிட்டால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும்.

போனால் போகட்டும் என்று ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவள் நான். அந்த வேலையை விட்டுவிட்டு வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒற்றை ஆளாக நின்று எனக்காகப் பேசினார். இந்தப் பட்டத்தை ஊரில் எந்தப் பாடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். எதற்கும் இல்லையாம். முன்னாலும் சுவர், பின்னாலும் சுவர். நடுவில் ஷூவைத் தூக்கிக்கொண்டு நான்.

அப்போதுதான் ஓணம் வந்தது. இங்கே ஒவ்வொரு துறையும் ஒரு அத்தப்பூக் கோலம் போடும், அதற்குப் போட்டியும் உண்டு. படிப்பில் காட்டாத ரோஷத்தையெல்லாம் அதில் காட்டுவார்கள். அந்தப் பூவில் பெரும்பங்கு எங்கள் பக்கத்திலிருந்துதான் மலையேறி வருகிறது. என் அப்பாவே பூ விவசாயி. இது எப்படியோ ஜோசப் சார் காதுக்கு எட்டியிருக்கிறது. "தென்காசிக்காரியல்லே? இக்கொல்லம் நம்முடெ பூ நீ கொண்டு வருமோ?" என்றார். இந்த வருஷப் பூவை நீ கொண்டு வருவாயா என்கிறார். நம்முடைய பூ என்றார் மனிதர். அந்த ஒரு சொல்லுக்கு நான் உருகிப்போனேன். கொண்டு வருகிறேன் சார் என்றேன். மறுநாள் லதா டீச்சரும் கேட்டார். அவரிடம் எப்படி மாட்டேன் என்பது? ஹரி சாரும் கேட்டார். மூன்று பேருக்கும் சரி சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏளா, ஓணத்துக்கு மூணு மூடை கேக்கியே, வெளையாடுதியா?" என்றார் அப்பா.

"வேணும்ப்பா. காலேஜுக்கு."

பக்கத்தில் யாரிடமோ வேன் போகிற நேரத்தை விசாரித்தார். பிறகு, "சரி, கிழக்கேகோட்டைக்குப் பூ ஏத்திட்டுப் போற வேன்ல போட்டு விடுதேன். அங்க உன்ன நல்லா வச்சிருக்காவளா?" என்று கேட்டார்.

"வச்சிருக்காவப்பா."

கொண்டாட்டத்தன்று, அதுதான் விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள், கிழக்கேகோட்டைச் சந்தையில் பூவை இறக்கிவிட்டு வேன்காரர் விடியும்போதே பல்கலைக்கழகத்துக்கு வந்து, நான் சொன்னபடி மூடைக்கு ஒரு துறை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். நான் கேரளச் சேலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மூன்று துறை வாசலிலும் ஒரே கூச்சல். அப்பா பூக்காரர் அல்லவா? சந்தைக்கு அனுப்புகிற பழக்கத்தில் மூடைக்கு ஒரு நிறமாகக் கட்டிவிட்டார். நிறம் கலந்தால் சந்தையில் பூ விலைபோகாது. நிலவியலுக்கு வந்தது முழுக்க ஆரஞ்சுக் கேந்தி, செண்டுமல்லி என்பார்களே அது. சமூகவியலுக்கு முழுக்க மஞ்சள் கேந்தி. கணினிக்கு மூடை முழுக்க வாடாமல்லி. என்னை நம்பி அவர்கள் வேறு பூவே வாங்கவில்லை. ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு என்ன கோலம் போடுவது? நான் மூன்று இடத்திலும் வாக்குக் கொடுத்த லட்சணமும் அப்போதே வெளுத்துவிட்டது.

மாற்றிக்கொள்ளலாமே என்றேன். போட்டி நாளில் பக்கத்துத் துறைக்குப் பூ கொடுப்பதா என்று மூன்று கூட்டமும் முறைத்தன. கடைசியில், நான் தூக்கிக்கொண்டு போனால் ஆட்சேபம் இல்லை என்று முடிவானது. வாளியில் ஆரஞ்சை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினேன், அங்கிருந்து மஞ்சளை அள்ளிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன், வாடாமல்லியோடு திரும்பி ஓடினேன். கணினிக்காரர்கள் அன்றும் லேப் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிப்போட்டவள், மறுபடி மாட்ட நேரமில்லாமல் வெறுங்காலோடே ஓடிக்கொண்டிருந்தேன். படிப்பு என்று இங்கே நான் செய்ததும் இதைத்தான், அன்றைக்குத்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மூன்று கோலமும் அழகாக வந்தன. நடுவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கோலத்தைச் சுற்றி உட்கார்ந்து படம் எடுக்கத் தொடங்கினார்கள். நிலவியல் கூட்டத்தில் ஓரமாகப் போய் உட்காரப் பார்த்தேன். "இது நம்முடெ குட்டியல்ல, சோஷியாலஜியா" என்று ஒரு பையன் சொன்னான். நம் துறைப் பெண் இல்லை என்பதை அவன் கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னான். எழுந்து மாடிக்குப் போனேன். அங்கே படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

பாயசம் கொடுக்கும் இடத்தில் மூன்று ஆசிரியர்களும் ஒன்றாக நின்றார்கள். "எங்களெ மூணு பேரெயும் பற்றிச்சல்லோ" என்று லதா டீச்சர் சிரித்தார். ஏமாற்றிவிட்டாயே என்கிறார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன். "சார், டீச்சர், இன்னிக்கு கடைசி நாள். யாராவது ஒருத்தர் எனக்குக் கைடா வேணும்."

லதா டீச்சர் கோப்பைக்குள் பார்த்தார். ஹரி சார் அவர்கள் இருவரையும் பார்த்தார். ஜோசப் சார்தான் கடைசியில் பேசினார். "ஞான் ஆகாம். பக்ஷே மழயும் சரிவும் மதி. ஆ சாயக்கடக்காரியும் ஆள்க்காரும் ஒன்னும் வேண்டா."

அவர் கைடாக இருப்பார், ஆனால் மழையும் மலைச்சரிவும் போதும், டீக்கடை அக்காவும் ஜனங்களும் வேண்டாம். எதற்காக மலை தாண்டி வந்தேனோ, அதை மட்டும் வெளியே வைத்துவிட்டு உள்ளே வரலாம். எனக்கு வருஷம் போகக் கூடாது, அப்பாவை ஊர் ஏசக் கூடாது. "சரி சார்" என்றேன். கல்லாற்றங்கரையில் அக்கா இன்னும் கத்திக்கொண்டுதான் இருப்பார். அதைக் கேட்கவென்று வந்த நானும் இப்போது கேட்காதவர்களோடு சேர்ந்துவிட்டேன்.

கட்டடங்களுக்கு நடுவிலிருக்கும் படிக்கட்டுக்கு வந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"யாருளா ஜெயிச்சா?"

"எல்லாக் கோலத்துலயும் நம்ம பூதாம்ப்பா."

"அது எனக்குத் தெரியாதா? நீ எந்தக் கோலத்துல உக்காந்து படம் எடுத்த?"

குனிந்து பார்த்தேன். ஷூ நிலவியல் கட்டடத்தில் பையோடு கிடந்தது, செருப்பு கணினி லேப் வாசலில் கிடந்தது. வெறும் உள்ளங்காலில் ஆரஞ்சும் மஞ்சளும் வாடாமல்லியும் நசுங்கி ஒட்டியிருந்தன. "எல்லாத்துலயும்ப்பா" என்று சொல்லிவிட்டு, காலைக் கழுவ எந்தக் கட்டடத்துக்குப் போவதென்று தெரியாமல் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.