மூன்றரைப் புள்ளி வீடு

உலகத்தின் மக்கள் தொகை நானூறு கோடியை நெருங்கிவிட்டது என்று நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் மூன்றரைப் புள்ளிதான் இருந்தது. காரைக்குடிப் பக்கம் எங்கள் வகையறாவில் ஆட்களைத் தலையை வைத்து எண்ணுவதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாதவர்கள் எத்தனை வேளை சாப்பிட்டாலும், எத்தனை குடம் தண்ணீர் இறைத்தாலும் புள்ளியில் சேர மாட்டார்கள். கோயில் வரிக்காக யாரோ எந்தக் காலத்திலோ போட்ட கணக்கு அது. கோயிலோடு நின்றிருந்தால் எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இருந்திருக்காது.

அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சியும் அவர் மனைவி பெரியாத்தாளும் ஒரு புள்ளி. அவர்களுடைய இரண்டு மகன்களுக்கும் கல்யாணமாகி ஆளுக்கொரு அடுப்பு வைத்துவிட்டார்கள். அது இரண்டு புள்ளி. என் அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவில் கடையில் இருந்தபோதே காலமாகிவிட்டதால் என் ஆத்தா அரைப்புள்ளி. நான் அவளுக்கு ஒரே பிள்ளை, பெண்பிள்ளை, கல்யாணமாகாதவள். ஆகவே நான் சுழியம். அண்ணன்மார்களின் பையன்களும் கணக்கில் வராதவர்கள்தான். ஆனால் அவர்கள் வரப்போகிறவர்கள், நான் போகப்போகிறவள். இந்த வித்தியாசத்தை வீட்டில் பால் ஊற்றும்போதே பார்க்கலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மின்வெட்டு வந்தது. மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை, கரண்டைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். ரேடியோ சொன்னதை எங்கள் தெருவில் மதித்து நடந்த ஒரே மனிதர் பெரியப்பச்சியாகத்தான் இருப்பார். பொய் சொல்லாதவர், யார் சொத்தையும் தொடாதவர், சட்டம் என்றால் சட்டம். அறுபது தூண் உள்ள வீட்டில் இருந்த பல்புகளை எல்லாம் ஒரே நாளில் கழற்றி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பிறகு புள்ளிக்கு ஒரு விளக்கு என்று பிரித்துக் கொடுத்தார். ஒரு புள்ளிக்கு அறுபது வாட். அரைப்புள்ளிக்கு முப்பது வாட் தர வேண்டும், முப்பதில் பல்பு கடையில் கிடைக்காது. அதனால் ஆத்தாளுக்கு இருபத்தைந்து வாட் பல்பு வந்தது. அந்த மிச்ச ஐந்து வாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உள்முற்றமான வளவை ஒட்டி எங்களுக்கென்று விட்டிருந்த அறைக்கு வெளியே, நடையில் அந்தப் பல்பைப் போட்டார்கள். அதன் அடியில் ஆத்தா கீரை ஆய்வாள், நான் படிப்பேன். பல்பு மஞ்சளாக, சீக்காளி முகம் மாதிரி எரியும். பெரியாத்தா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டாள்.

"பொம்பளப்புள்ள இம்புட்டுப் படிச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப் போகுது? கண்ணுதான் கெட்டுப்போகும்."

கண் கெட்டுப்போகும் என்ற அக்கறை இருந்தவர்கள் நாற்பது வாட் போட்டிருக்கலாம்.

நான் இயற்பியல் பட்டம் வாங்கியிருந்தேன். அம்மான், அதாவது ஆத்தாளுடைய தம்பி, சண்டை போட்டுக் கல்லூரியில் சேர்த்துவிட்டதால் கிடைத்த பட்டம். வடக்கே கடற்கரையில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆய்வகத்தில் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் வந்ததை அம்மான்தான் வெட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். தங்குவதற்கு விடுதி உண்டு. பயிற்சி முடிந்தால் குடியிருப்பில் வீடு உண்டு, பெற்றவர்களை உடன் வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துச் சொன்னபோது ஆத்தா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"அங்க லைட்டு யாரு பிரிச்சுக் குடுப்பாக?" என்று கேட்டாள்.

"யாரும் பிரிக்க மாட்டாக. நம்ம வீடு, நம்ம சுவிட்சு."

கீரையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து பெட்டியில் கிடந்த நல்ல புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் போட ஆரம்பித்தாள். யாராவது கேட்டால் பூச்சி அரிக்கிறது என்பாள். அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று என்னைவிட அவள்தான் அதிகமாக ஆசைப்பட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பரீட்சைக்காக எண்களாகப் படித்தேன். யுரேனியம் ஒரு கிலோ எத்தனை டன் நிலக்கரிக்குச் சமம், ஒரு யூனிட் மின்சாரம் அனலில் என்ன விலை, புனலில் என்ன விலை, அணுவில் என்ன விலை ஆகும், நம் நாட்டில் தலைக்கு எவ்வளவு மின்சாரம், அமெரிக்காவில் தலைக்கு எவ்வளவு, உலகத்தில் மொத்தம் எத்தனை தலை. எழுத்துப் பரீட்சையில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்கு அம்மான் சென்னைக்கு அழைத்துப் போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தலைக்கு எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கை வைத்து ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். படித்த எண்கள் எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் வாயில் வந்தது எங்கள் வீட்டு நடை. எங்கள் ஊரில் தலைகளை எண்ணுவதில்லை, புள்ளிகளைத்தான் எண்ணுவோம் என்று தொடங்கி, அறுபது வாட், இருபத்தைந்து வாட், தகரப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சராசரி போடுவதற்கு முன்னால் யாரையெல்லாம் எண்ணினார்கள், யாரையெல்லாம் விட்டார்கள் என்று கேட்க வேண்டும் என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நல்ல சிரிப்புதான். நடுவில் இருந்தவர், "அப்படியானால் உங்கள் வீட்டில் நீங்கள் எத்தனை வாட்?" என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே சுழியம் என்றேன். வெளியே வந்தபோது வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

தெரிந்தது சரிதான். தேர்வாகிவிட்டேன் என்றும், போலீஸ் விசாரணை முடிந்ததும் சேர வேண்டிய நாளைச் சொல்வோம் என்றும் எழுதினார்கள். அணு சம்பந்தப்பட்ட இடம், விசாரிக்காமல் உள்ளே விட மாட்டார்கள். எங்கள் வீட்டில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நானும் ஆத்தாளும் நிம்மதியாக இருந்தோம்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் வடக்கே சேலம் பக்கத்து ஆள், எங்கள் பக்கத்துக்குப் புதிது. பெரியப்பச்சி அவரை முகப்பில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் போலீஸ் வந்தால் முகப்புக்கு வருவதில்லை. நானும் ஆத்தாளும் வளவுக் கதவுக்குப் பின்னால் நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

"இந்த வீட்ல மொத்தம் எத்தன பேருங்க?"

"மூணர," என்றார் பெரியப்பச்சி.

போலீஸ்காரர் மோர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "அரை யாருங்க?"

பெரியப்பச்சி பொறுமையாக விளக்கினார். "நானும் என் சம்சாரமும் ஒண்ணு, பெரியவன் ஒண்ணு, சின்னவன் ஒண்ணு, தம்பி சம்சாரம் அர." ஊர் வழக்கத்தை ஒரு வெளியூர்க்காரர் கேட்கிறார் என்ற சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது.

"அப்ப இந்தப் பொண்ணு? வேலைக்கு மனு போட்டிருக்கே, இந்த விலாசந்தான் குடுத்திருக்குது."

"அது எங்க புள்ளியில இல்ல."

"இந்த வீட்டு ஆளு இல்லீங்களா?"

"கட்டிக் குடுத்த எடத்துலதான் அது புள்ளி. இங்க எப்புடி வரும்? நீங்களே சொல்லுங்க."

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பெரியவுக பேசிக்கிட்டிருக்காக," என்றாள் மெதுவாக. அவளுக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. இருபது வருஷமாக அரையாக இருந்தவளுக்கு, சுழியத்தைச் சுழியம் என்று சொன்னதில் என்ன தப்புப் படும்? போலீஸ்காரர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, நன்றாக விளக்கிச் சொன்னதற்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சேரும் நாள் வரவே இல்லை. ஆத்தாளுடைய புடவைகள் காய்ந்து, மடித்து, மறுபடி பெட்டிக்குள் போயின. கடைசியில் அம்மான் என்னைச் சிவகங்கையில் ஒரு போலீஸ் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர், எங்கள் பக்கத்துப் பேச்சுக்காரர். உட்காரச் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்புடி ஒரு பொண்ணு அந்த வீட்டுல இல்ல, கட்டிக் குடுத்த எடத்துல இருக்குன்னு ரிப்போர்ட்டு போயிருச்சும்மா. வீட்டுப் பெரியவுகளே சொல்லியிருக்காக."

"நான்தாங்க அந்தப் பொண்ணு. அந்த வீட்டுலதான் இருக்கேன். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"நீங்க இருக்கீக, எனக்குத் தெரியுது. ஆனா இருக்கேன்னு நீங்களே சொன்னா அது சாட்சியாகாது. பெரியவுகள வந்து சொல்லச் சொல்லுங்க."

பெரியப்பச்சி அன்று சாயங்காலம் முகப்பில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அம்மான் நடந்ததைச் சொன்னார். பெரியப்பச்சிக்கு முகம் வாடிவிட்டது. என் வேலை கெட்டுப்போயிற்றே என்று வாடவில்லை. தன்னைப் பொய்யன் என்கிறார்களோ என்று வாடிவிட்டது.

"நான் என்ன இல்லாததயா சொன்னேன்? நம்ம புள்ளியில அது இருக்கா?"

"புள்ளியில இல்ல. வீட்டுல இருக்குல்ல?" என்றார் அம்மான்.

"வீட்டுல ஆயிரம் இருக்கும். கேட்டதுக்குக் கணக்கச் சொன்னேன். இப்பப் போயி நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு போலீசுகிட்ட எழுதிக் குடுக்கவா? இந்த வயசுலயா?" மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ரொம்பப் பிரியமாகவே சொன்னார். "நீ வெசனப்படாத ஆத்தா. நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துர்றேன். புள்ளியாயிருவ. அப்புறம் ஒன்னய யாரு இல்லம்பா?"

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். நாணயமானவர்கள் கையால் கெட்டுப்போனவர்களுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் வேறு யாரோ சேர்ந்தார்கள்.

பார்த்த இடங்கள் எல்லாம் சீர் பேசும்போதே திரும்பிப் போயின. கல்லலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை ஆனேன். காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் ரயிலில் வருவேன். அங்கே பிள்ளைகளுக்கு அணுவைப் பிளப்பதைச் சொல்லிக்கொடுத்தேன். மக்கள் தொகை நானூறு கோடியைத் தாண்டிவிட்டது என்றும், இப்படியே பெருகினால் பூமி தாங்காது என்றும் பாடத்தில் இருந்தது. அதையும் சொல்லிக்கொடுத்தேன். பூமி தாங்குகிறதோ இல்லையோ, அந்த நானூறு கோடியில் நான் உண்டா என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு மாசியில் பெரியாத்தா இறந்துபோனாள். கணக்குப்படி அன்றிலிருந்து பெரியப்பச்சியும் அரைப்புள்ளி. அவருடைய அறுபது வாட் பல்பை யாராவது கழற்றுகிறார்களா என்று நான் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழற்றவில்லை. பீஸ் போனபோது புதிதாக அறுபது வாட் வாங்கித்தான் போட்டார்கள். ஆத்தாளிடம் சொன்னேன். "ஆம்பளைக்குக் கண்ணு மங்குமுல்ல," என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கியபடி, அந்த மஞ்சள் வெளிச்சத்தில், முகத்தை முறத்துக்குள் புதைத்துக்கொண்டு.

மறு வருஷம் அவளும் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல். பெட்டியைத் திறந்தபோது அந்தப் புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. குடியிருப்பு வீட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள். அதில் ஒன்றைத்தான் அவளுக்குப் போர்த்தினோம்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகு, ஒரு சாயங்காலம் நடையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உலக மக்கள் தொகையைக் கேட்ட கேள்விக்கு ஒரு பெண் நானூறு கோடி என்று அழகாக எழுதியிருந்தாள். மதிப்பெண் போடப் போனேன். பெரியப்பச்சியின் மூத்த மகன், பெரியண்ணன், ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டு ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பல்பு சூடாக இருக்கும் அல்லவா.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. அப்பச்சி கழட்டச் சொன்னாக. சின்னாத்தா புள்ளி முடிஞ்சு போச்சுல்ல."

அவர் கையை உயர்த்தித் திருகினார். நடை இருண்டது. முக்காலிக்கு ஒரு கால் கட்டை, சாய்ந்தது. விழுந்துவிடப் போகிறாரே என்று அந்த இருட்டில் நான்தான் பிடித்துக்கொண்டேன்.