தீக்குச்சி ஆகாத கல்லறை

சித்தியின் கையிலிருந்து காவலாளி வாங்கி வைத்துக்கொண்ட தீப்பெட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பர்மாவின் வடக்கே, மூடிக் கிடந்த நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் நடந்தது அது. உள்ளே வாயு வெடித்துத் தீப்பிடித்தபோது, தீ பரவாமலிருக்க, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சித்தப்பாவும் உள்ளேதான் இருந்தார். கல்லறைத் திருநாளுக்கு அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சித்தி யாங்கூனிலிருந்து ரயிலேறிப் போனார், துணைக்கு நான். சுவர் விரிசலில் இன்னும் வாயு கசிகிறது, ஒரு பொறி போதும் என்றான் காவலாளி. சித்தி பூவை மட்டும் வைத்துவிட்டு, திரும்பும்போது தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் ஆண்டுதோறும் யாங்கூன் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில்தான் ஏற்றினார். தொலைவில் புதைந்தவர்களுக்கு அங்கே ஏற்றுவது எங்கள் வழக்கம். "அவுக இருக்கற எடத்துல நெருப்பு ஆகாது தம்பி. எங்க ஏத்துனா என்ன, வெளிச்சம் போய்ச் சேரும்" என்பார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பல ஆண்டு கழித்து, நான் வேலை பார்த்த நிறுவனமே அந்தச் சுரங்கத்தை எடுத்தது. உள்ளிருக்கும் மீத்தேனைக் குழாய் வைத்து இழுத்து எரிப்பார்களாம். அது அப்படியே காற்றில் கலப்பதைவிட எரிந்து கலந்தால் பூமிக்குக் கேடு குறைவு. குறைந்த கேட்டுக்குக் கார்பன் சான்று வாங்கி, அதைக் கடல்கடந்த ஆலைகளுக்கு விற்பார்கள். வாங்கியவன் தன் புகையைக் கூசாமல் விடலாம். அறிவியல் சரியாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டுப் பிணத்தின் மேல் கடை விரித்திருந்தார்கள்.

குழாய் உச்சியில் ஆளுயர நெருப்பு எரியும் படத்தை, யாங்கூனின் தின்கன்ஜூன் பகுதியிலிருந்த வீட்டில் சித்தியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப, இப்ப அங்க நெருப்பு வைக்கலாமா?"

எங்கள் நிறுவன மேலாளரிடம் அழைத்துப் போனேன். அவரும் தமிழர்தான். "வேலிக்கு வெளிய நின்னே ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துர்றேன் சயா" என்றார் சித்தி, பர்மிய மொழியில் அவரை ஐயா என்று விளித்து, கைகூப்பி.

"வாயு உள்ள எடம்மா. தீப்பெட்டி கொண்டுபோறது பாதுகாப்பு விதிக்கு ஆகாது."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் அதே நெருப்புப் படம் மாட்டியிருந்தது. அவனை அறைந்திருக்க வேண்டும் என்று இன்றும் கை துறுதுறுக்கிறது.

சித்தி போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய துணிப் பெட்டியில் அந்தத் தீப்பெட்டி இருந்தது. இந்தக் கல்லறைத் திருநாளன்று அதை நடுச் சிலுவையடிக்குக் கொண்டுபோனேன். மழைக்காலங்களில் நமுத்து, ஒரு குச்சியும் பற்றவில்லை. வடக்கே, சித்தப்பாவின் தலைமாட்டில் நெருப்பு அணையாமல் எரிகிறது. அது அவருக்காக அல்ல.